ஐந்து துறை மாணவர்கள், ஒரே நோயாளி: வீட்டுச் சந்திப்பு மூலம் குழுவாக வேலை செய்யப் பழக்க ஒரு முழுமையான வழிகாட்டி

மருத்துவம், தாதிமை, மருந்தியல், பிசியோதெரபி, சமூகப் பணி என்று எல்லாத் துறை மாணவர்களையும் ஓர் அரங்கில் உட்காரவைத்து, "வேலையிடத்தில் நீங்கள் எல்லாரும் ஒரே குழு" என்று ஒரு மணி நேரம் பேசினால் என்ன நடக்கும்? அவரவர் தம் வகுப்பு நண்பர்களோடு உட்கார்ந்து, கைப்பேசியைப் பார்த்துவிட்டு, வந்த வழியே போய்விடுவார்கள். வெவ்வேறு துறை மாணவர்கள் ஒருவரைப் பற்றி ஒருவரும், ஒருவரிடமிருந்து ஒருவரும், ஒருவரோடு ஒருவரும் கற்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2010இல் வெளியிட்ட செயல் வரைவு சொல்கிறது. இதில் "ஒருவரோடு ஒருவர்" என்பதற்குப் பொதுவான ஒரு வேலை வேண்டும். சுவீடனின் லின்ஷோப்பிங் நகர மருத்துவமனையில் 1996இலேயே பல துறை மாணவர்கள் சேர்ந்து நடத்தும் பயிற்சி வார்டைத் தொடங்கியதும் அதனால்தான். அங்கே படுக்கையில் இருப்பவர் உண்மையான நோயாளி, மாணவர்கள் கூடிப் பேசி முடிவெடுக்காவிட்டால் அவருடைய வேலை நடக்காது.

சிங்கப்பூரில் எல்லாக் கல்வி நிலையமும் வார்டு தொடங்க முடியாது. ஆனால் வீடுகள் இருக்கின்றன. நான் தாதியர் பயிற்சியில் இருப்பவள், மாணவர் குழுக்களோடு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளுக்குப் போகிறவள். ஆசிரியராக இருந்தாலும், தொண்டூழியக் குழுவை நடத்தும் மாணவராக இருந்தாலும் இதை நீங்கள் எடுத்துப் பயன்படுத்தலாம்.

முதலில்: ஏன் வீடு?

நம் ஊரில் மாணவர்கள் தனித்தனித் தீவுகளில் படிக்கிறார்கள். மருத்துவப் பள்ளிகள் மூன்று. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் யோங் லூ லின் பள்ளி கென்ட் ரிட்ஜில், டியூக்-என்யுஎஸ் ஊட்ரமில், நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் லீ கோங் சியான் பள்ளிக்கு நொவீனாவிலும் வளாகம் இருக்கிறது. தாதிமையைப் பல்கலைக்கழகத்திலும் படிக்கலாம், நன்யாங், நீ ஆன் பலதுறைத் தொழிற்கல்லூரிகளிலும் படிக்கலாம், தொழில்நுட்பக் கல்விக் கழகத்திலும் படிக்கலாம். பிசியோதெரபி, ஆக்குபேஷனல் தெரபி மாணவர்கள் சிங்கப்பூர்த் தொழில்நுட்பக் கழகத்தில், அதுவும் பொங்கோலில். இவர்கள் முதன்முதலாகச் சந்திப்பதே வேலைக்குச் சேர்ந்து, வார்டு பரபரப்பாக இருக்கும் ஒரு காலையில்தான் என்றால், அன்றைக்கு யார் யாருக்கு என்ன தெரியும் என்று விசாரிக்க யாருக்கு நேரம் இருக்கும்?

இன்னொன்று, மருத்துவமனையில் நோயாளி நம் இடத்தில் இருக்கிறார், நம் உடுப்பைப் போட்டிருக்கிறார், நாம் சொன்ன நேரத்துக்குச் சாப்பிடுகிறார். வீட்டில் நாம் அவருடைய இடத்தில் இருக்கிறோம். அங்கே வெள்ளை அங்கியும் கிடையாது, வார்டின் படிநிலையும் பாதி கழன்றுவிடும். மருத்துவ மாணவர் பேசிக்கொண்டே இருக்க, மற்றவர்கள் குறிப்பெடுத்துக்கொண்டே இருக்கும் பழக்கத்தை உடைக்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

படி 1: குழுவை அமைப்பது

நான்கு அல்லது ஐந்து பேர். ஆறு பேருக்கு மேல் போனால் மூவறை வீட்டின் கூடத்தில் உட்கார இடமிருக்காது, இரண்டு பேர் சுவரில் சாய்ந்துகொண்டு வேடிக்கை பார்ப்பார்கள். ஒரு துறைக்கு ஒருவர் போதும். ஒரே துறையிலிருந்து இருவர் வந்தால் அவர்கள் தங்களுக்குள்ளேயே பேசிக்கொள்வார்கள்.

முதலாண்டு மாணவரையும் இறுதியாண்டு மாணவரையும் கலந்தால் துறை வேறுபாடு போய் வயது வேறுபாடுதான் நிற்கும். எல்லாரும் ஏறத்தாழ ஒரே கட்டத்தில், மருத்துவமனைப் பயிற்சி கொஞ்சம் பார்த்தவர்களாக இருப்பது நல்லது. குழுத் தலைவராக மருத்துவ மாணவரைப் போடாதீர்கள், குறைந்தது முதல் சந்திப்புக்காவது. சமூகப் பணி மாணவரோ மருந்தியல் மாணவரோ தலைமை ஏற்கட்டும்.

நேர அட்டவணைதான் உண்மையான தலைவலி. ஐந்து பாடத்திட்டங்களில் பொதுவாகக் காலியாக இருக்கும் ஒரு பிற்பகலைக் கண்டுபிடிப்பது ஒரு நோயைக் கண்டுபிடிப்பதைவிடக் கடினம். பருவம் தொடங்கும் முன்பே துறை ஒருங்கிணைப்பாளர்கள் உட்கார்ந்து தேதியைப் பூட்டிவிட வேண்டும். அது முடியாவிட்டால் சனிக்கிழமை. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக மாணவர்கள் தொடங்கிய ட்ரைஜென் போன்ற தொண்டூழியத் திட்டங்களில் பல துறை மாணவர்கள் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு முதியோர் வீடுகளுக்குப் போகிறார்கள், அவர்களிடம் கேட்டால் அட்டவணைக் கதைகள் நிறையச் சொல்வார்கள்.

படி 2: நோயாளியைத் தேர்ந்தெடுப்பது

மிகக் கடுமையான நிலையில் இருப்பவர் வேண்டாம், எந்தச் சிக்கலும் இல்லாதவரும் வேண்டாம். இரண்டு மூன்று நாள்பட்ட நோய்கள், ஐந்துக்கு மேல் மருந்துகள், வீட்டுக்குள் நடமாட்டத்தில் கொஞ்சம் சிரமம், குடும்பச் சூழலில் ஏதோ ஒரு முடிச்சு. இப்படிப்பட்டவர் என்றால் ஒவ்வொரு துறைக்கும் பார்க்க ஏதாவது இருக்கும், எந்தத் துறையாலும் தனியாகத் தீர்க்க முடியாது. பலதுறை மருந்தகம், வட்டாரத்தின் துடிப்பாக மூப்படையும் நிலையம், வீட்டுப் பராமரிப்புச் சேவை நடத்தும் அமைப்புகள் வழியாகத் தேடலாம். நீங்களாகக் கதவைத் தட்டக் கூடாது.

நம் வீடுகளில் இத்தகையவர்களைத் தேடி ரொம்ப தூரம் போக வேண்டியதில்லை என்பதும் உண்மை. 2010ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில் 18 முதல் 69 வயதுக்கு உட்பட்டவர்களில் 11.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களை மட்டும் பார்த்தால் 17.2 விழுக்காடு.

சம்மதம் இரண்டு முறை வாங்குங்கள். முதல் முறை அவருக்கு ஏற்கெனவே தெரிந்த தாதியோ நிலைய ஊழியரோ கேட்கட்டும். இரண்டாவது முறை சந்திப்புக்கு முந்தின நாள் தொலைபேசியில். வருபவர்கள் மாணவர்கள், மருந்தை மாற்ற மாட்டார்கள், வேண்டாம் என்றால் எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம், நிறுத்தினால் அவருடைய சிகிச்சையில் எதுவும் குறையாது என்பதை அவருக்குப் புரிகிற மொழியில் சொல்ல வேண்டும். வயதான தமிழர்கள் பலர் "டாக்டர் அனுப்பியிருக்கார், எப்படி வேணாம்னு சொல்றது" என்று தலையாட்டிவிடுவார்கள். அந்தத் தலையாட்டலைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமும் நினைவில் இருக்கட்டும்: வாட்ஸ்அப் குழுவில் பெயர், அடையாள அட்டை எண், முகவரி எதுவும் போகக் கூடாது, மருந்துப் பையைப் படமெடுத்தால் ஒட்டியிருக்கும் பெயர்ச் சீட்டு தெரியக் கூடாது.

படி 3: போவதற்கு முன் ஒரு கூட்டம்

முக்கால் மணி நேரம் போதும். கூச்சம் போக்கும் அறிமுக விளையாட்டுகள் எதுவும் தேவையில்லை, அவற்றால் யாரும் யாரையும் தெரிந்துகொண்டதாக நான் பார்த்ததில்லை. அதற்குப் பதில் இப்படிச் செய்யுங்கள். ஒவ்வொருவரும் தம் துறையைப் பற்றிப் பேசாமல் பக்கத்திலிருப்பவரின் துறையைப் பற்றிச் சொல்ல வேண்டும்: "நீ ஒரு வீட்டுக்குப் போனால் என்ன பார்ப்பாய் என்று நான் நினைக்கிறேன் தெரியுமா?" பக்கத்திலிருப்பவர் அதைத் திருத்துவார். பிசியோதெரபி மாணவரிடம் "நீங்க மசாஜ் பண்ணுவீங்க" என்றும், மருந்தியல் மாணவரிடம் "மருந்து எண்ணிக் கொடுப்பீங்க" என்றும் யாராவது கட்டாயம் சொல்வார்கள். பத்து நிமிடம் சிரிப்பு, ஆனால் யாருக்கு என்ன தெரியும் என்பது அதோடு தெளிவாகிவிடும்.

அப்புறம் மூன்று விஷயங்களை முடிவு செய்ய வேண்டும்: யார் முதலில் பேசுவது, யார் எதைப் பார்ப்பது, நடுவில் ஏதாவது அவசரம் என்றால் யாரைக் கூப்பிடுவது. மூன்றாவதைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். சர்க்கரை அளவு லிட்டருக்கு 4 மில்லிமோலுக்குக் கீழே இருந்து, நோயாளி விழிப்போடு விழுங்கும் நிலையில் இருந்தால் 15 கிராம் சர்க்கரை, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை, உடனே ஆசிரியருக்கு அழைப்பு. நெஞ்சு வலி, ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி, பேச்சுக் குழறல், மயக்கம் என்றால் நேராக 995.

படி 4: மொழி விஷயத்தை முன்கூட்டியே தீர்ப்பது

இதைத் தனிப் படியாக எழுதக் காரணம் இருக்கிறது. நோயாளி தமிழ் மட்டுமே பேசும் பாட்டி, குழுவில் தமிழ் பேசும் மாணவி ஒருத்தி, அவள் தாதிமை படிப்பவள் என்று வையுங்கள். முதல் ஐந்து நிமிடத்துக்குள் அவள் மொழிபெயர்ப்பாளராகிவிடுவாள். நான்கு பேருடைய கேள்விகளையும் சுமந்து போய்ப் பதிலைச் சுமந்து வருவாள். அவளுடைய சொந்தக் கேள்வி ஒன்றைக்கூடக் கேட்டிருக்க மாட்டாள், ரத்த அழுத்தம் பார்க்கும் வேலையும் வேறொருவர் கைக்குப் போயிருக்கும். சந்திப்பு முடிந்ததும் எல்லாரும் "நீ இல்லேன்னா கஷ்டம்" என்று பாராட்டுவார்கள், ஆனால் அன்றைக்குத் தாதிமைத் துறையிலிருந்து யாரும் வரவில்லை என்பதுதான் உண்மை. மலாய் பேசும் மாணவருக்கும், தியோச்சியூ தெரிந்த மாணவருக்கும் இதே கதிதான்.

முடிந்தால் மொழிபெயர்க்க மட்டும் ஒரு தொண்டூழியரை அழைத்துப் போங்கள். முடியாவிட்டால், தமிழ் தெரிந்த மாணவி தன் துறைக் கேள்விகளையும் பரிசோதனையையும் முதலில் முடிக்கட்டும், பிறகு மற்றவர்களுக்கு உதவட்டும். மற்றவர்கள் கேட்கும்போது அவளைப் பார்க்காமல் பாட்டியைப் பார்த்துக் கேட்க வேண்டும், ஒரு நேரத்தில் ஒரு சிறு கேள்வி. பேரப்பிள்ளையையோ பணிப்பெண்ணையோ மொழிபெயர்க்க வைக்காதீர்கள், முக்கியமாகப் பணம், குடும்பச் சண்டை, சிறுநீர் சம்பந்தப்பட்ட பேச்சில். பாட்டி பேரன் எதிரில் உண்மையைச் சொல்ல மாட்டார்.

படி 5: வீட்டுக்குள்

காலணியை வெளியே விடுவதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஐந்து பேரும் ஒரே நேரத்தில் உள்ளே நுழையாதீர்கள், அது சோதனைக்கு வந்தவர்கள் போல் இருக்கும். "பாட்டி, நாங்க உட்காரலாமா?" என்று கேட்டுவிட்டு, அவர் கண்மட்டத்தில் உட்காருங்கள். காப்பி வரும். வேண்டாம் என்றால் பாட்டிக்கு வருத்தம், ஐந்து பேரும் வாங்கினால் வீட்டுக்கு வேலை. இரண்டு பேர் வாங்கிக்கொள்வது என்று முன்பே பேசி வையுங்கள். (அந்தக் காப்பியில் எத்தனை கரண்டிச் சர்க்கரை விழுகிறது என்பதையும் யாராவது பார்த்து வையுங்கள்.)

முதல் பத்து நிமிடம் நோய் பற்றிய கேள்வியே வேண்டாம். ஒரு நாள் எப்படிப் போகிறது, எத்தனை மணிக்கு எழுவார், யாரோடு பேசுவார், எங்கே போக ஆசைப்படுகிறார், எதனால் போக முடியவில்லை. இந்தப் பத்து நிமிடத்தில் எல்லாரும் ஒன்றாகக் கேட்க வேண்டும். பிறகு பிரிந்து வேலை செய்யலாம், ஆனால் இருவர் இருவராக, வேறு வேறு துறையினராக. மருந்தியல் மாணவர் பிஸ்கட் டின்னில் இருக்கும் மருந்துகளை மேசையில் பரப்பும்போது பக்கத்தில் சமூகப் பணி மாணவர் இருக்கட்டும். எந்த மருந்தை ஏன் எடுப்பதில்லை என்ற கேள்விக்குப் பாதி நேரம் விடை மருந்தியலில் இருக்காது, வீட்டில் இருக்கும். தேக்காவில் வாங்கிய நாட்டு மருந்துப் பொடி, ஊரிலிருந்து வந்த தைலம் எல்லாவற்றையும் முகம் சுளிக்காமல் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

பிசியோதெரபி மாணவர் நடையைப் பார்க்கட்டும்: நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார எவ்வளவு நேரம். 12 வினாடிக்கு மேல் என்றால் விழும் ஆபத்தைப் பற்றி யோசிக்க வேண்டும். நேரத்தைக் குறிக்கும் வேலையை மருத்துவ மாணவருக்குக் கொடுங்கள், வேறொரு துறையின் பரிசோதனைக்கு உதவியாளராக இருப்பதும் பயிற்சிதான். குளியலறைக்கு அனுமதி கேட்டுப் போய்ப் பாருங்கள். தரை வழுக்குகிறதா, கைப்பிடி இருக்கிறதா, வாளி எங்கே இருக்கிறது.

பணிப்பெண்ணை மறந்துவிடாதீர்கள். பகல் முழுவதும் பாட்டியோடு இருப்பவர் அவர்தான். மருந்து எடுத்துக் கொடுப்பதும் சமைப்பதும் அவர்தான், ஆனால் யாரும் அவரிடம் ஒரு கேள்வி கேட்பதில்லை. ஒருவர் அடுப்படிக்குப் போய் அவரோடு தனியாகப் பேசட்டும்.

ஒரு மணி நேரத்தில் முடித்துவிடுங்கள். வயதானவர் களைத்துவிட்டால் அதற்கு முன்பே.

படி 6: சந்திப்புக்குப் பின் முதல் அரை மணி நேரம்

குழுப் பயிற்சி என்று நான் சொல்வது உண்மையில் இங்கேதான் நடக்கிறது. வீட்டில் ஐந்து பேரும் பார்த்தது ஐந்து தனித்தனிக் குறிப்புகள், அவ்வளவுதான். அவற்றை ஒரே திட்டமாக ஆக்கியே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லாவிட்டால், ஒவ்வொருவரும் தம் பகுதியை எழுதி ஒட்டி ஓர் அறிக்கை கொடுத்துவிடுவார்கள், ஆசிரியரும் கையெழுத்துப் போட்டுவிடுவார்.

மின்தூக்கியிலும் காப்பிக்கடையிலும் பேச வேண்டாம், பக்கத்து மேசையில் பாட்டியின் அண்டை வீட்டார் இருப்பார். நிலையத்தில் ஓர் அறையை முன்பே கேட்டு வையுங்கள். விதி ஒன்றுதான்: ஒரு பக்கம், மூன்று செயல்கள், அதற்கு மேல் கிடையாது. ஐந்து துறைக்கு மூன்று இடம் என்பதால் யாருடைய பரிந்துரையோ விடுபட்டே ஆகும், அதைப் பேசித்தான் தீர்க்க வேண்டும்.

எப்படி நடக்கும் என்பதற்கு ஓர் உதாரணம், கற்பனைதான், ஆனால் இப்படித்தான் இருக்கும். ஈசூனில் 74 வயதுப் பாட்டி, நீரிழிவு, உயர் ரத்த அழுத்தம், முழங்கால் வலி. உட்கார்ந்த நிலையில் ரத்த அழுத்தத்தின் மேல் எண் 158. மருத்துவ மாணவர் "அழுத்தம் கட்டுப்பாட்டில் இல்லை, மருந்தைக் கூட்டச் சொல்லி டாக்டருக்கு எழுதலாம்" என்கிறார். தாதிமை மாணவி நிற்கவைத்தும் அளந்திருக்கிறாள், எழுந்து மூன்று நிமிடத்துக்குள் மேல் எண் 130க்கு இறங்கியிருக்கிறது. 20 அல்லது அதற்கு மேல் குறைந்தாலே கவனிக்க வேண்டும், இங்கே 28. பிசியோதெரபி மாணவர் "எழும்போது மேசையைப் பிடிச்சுக்கிட்டாங்க, நான் முழங்கால் வலின்னு நினைச்சேன்" என்கிறார். மருந்தியல் மாணவர் எடுத்த பட்டியலில் சர்க்கரையைக் குறைக்கும் கிளிபிசைடு மாத்திரை இருக்கிறது. பணிப்பெண்ணிடம் பேசிய சமூகப் பணி மாணவி அப்போதுதான் வாய் திறக்கிறாள்: புரட்டாசி சனிக்கிழமைகளில் பாட்டி மதியம் வரை எதுவும் சாப்பிடுவதில்லை, ஆனால் காலை மாத்திரையைத் தவறாமல் போட்டுக்கொள்கிறார், சென்ற வாரம் வியர்த்துக் கொட்டி உட்கார்ந்துவிட்டார், மகனிடம் சொல்ல வேண்டாம் என்றுவிட்டார்.

சாப்பிடாமல் கிளிபிசைடு போட்டால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம் என்பது மருந்தியல் மாணவருக்குத் தெரியும். விரதம் அவருக்குத் தெரியாது. விரதம் தெரிந்தவளுக்கு மருந்து தெரியாது. மருத்துவ மாணவரின் பரிந்துரை அப்படியே போயிருந்தால், எழும்போது தலைசுற்றுபவருக்கு இன்னும் அழுத்தம் குறைந்து குளியலறையில் விழுந்திருக்கலாம். இங்கே ஆசிரியர் குறுக்கிடக் கூடாது. விடை உங்களுக்கு முதல் நிமிடத்திலேயே தெரிந்திருக்கும், நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருங்கள். யாராவது பேசாமல் இருந்தால் "நீங்க என்ன பார்த்தீங்க?" என்று மட்டும் கேளுங்கள்.

கடைசியில் அவர்கள் எழுதும் மூன்று செயல்கள் இப்படி இருக்கலாம்: விரத நாள்களில் மாத்திரையை என்ன செய்வது, நிற்கும்போது அழுத்தம் குறைவது பற்றி என்ன செய்வது என்று பலதுறை மருந்தக மருத்துவரிடம் அடுத்த வேலை நாளுக்குள் கேட்பது, வியர்வையும் நடுக்கமும் வந்தால் என்ன செய்வது என்று பாட்டிக்கும் பணிப்பெண்ணுக்கும் சொல்லித் தருவது, குளியலறைக் கைப்பிடிக்கும் வழுக்காத தரைக்கும், முதியோர் வீட்டைப் பாதுகாப்பாக மாற்ற உதவும் வீவகவின் ஈஸ் திட்டத்தில் விண்ணப்பிக்க மகனுக்கு உதவுவது. முழங்கால் பயிற்சி இந்த முறை விடுபட்டுவிட்டது, பிசியோதெரபி மாணவர் அதை ஏற்றுக்கொண்டார். விரதத்தை விடச் சொல்லி யாரும் எழுதவில்லை என்பதைக் கவனியுங்கள்.

படி 7: மருத்துவரிடம் சொல்வது

எஸ்பார் முறையைப் பயன்படுத்துங்கள்: இப்போதைய நிலை, பின்னணி, நம் கணிப்பு, நம் கோரிக்கை. அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களிலிருந்து மருத்துவமனைகளுக்கு வந்த முறை இது. இரண்டு நிமிடத்துக்குள் முடிய வேண்டும். கோரிக்கையைத் தெளிவாகச் சொல்லாமல் "ஒரு தடவை பார்த்தா நல்லா இருக்கும்" என்று இழுப்பவர்கள்தான் அதிகம், அதை ஒத்திகை பார்க்க வையுங்கள். ஆசிரியர் பக்கத்திலிருக்க, மருந்தியல் மாணவரே பேசட்டும்.

படி 8: திரும்பிப் போவது

ஒரே ஒரு சந்திப்போடு நிறுத்துவதாக இருந்தால் தொடங்கவே வேண்டாம் என்பது என் கருத்து. மூன்று நான்கு வாரம் கழித்து, அதே குழு, அதே வீடு. திட்டத்தில் எது நடந்தது, எது நடக்கவில்லை, ஏன்? "புரிஞ்சுதா பாட்டி?" என்று கேட்டால் "புரிஞ்சுது" என்றுதான் பதில் வரும். அதற்குப் பதில் "தலை சுத்துற மாதிரி இருந்தா என்ன பண்ணுவீங்க, எனக்குச் சொல்லுங்க" என்று கேளுங்கள். திட்டத்தில் பாதி நடக்காமல் போயிருக்கும். மகனுக்கு விண்ணப்பம் போட நேரமில்லை, பணிப்பெண் ஊருக்குப் போய் வேறொருவர் வந்திருக்கிறார். காகிதத்தில் அழகாக இருந்த திட்டம் ஏன் ஒரு வீட்டில் நிற்கவில்லை என்று ஐந்து பேரும் சேர்ந்து யோசிப்பதுதான் இரண்டாவது பாடம். தலைமையை இந்த முறை வேறு துறைக்கு மாற்றுங்கள்.

படி 9: மதிப்பெண்

1999இல் வந்த ரிபில்ஸ் போன்ற வினாப்பட்டியல்கள் மாணவரின் மனப்பாங்கை அளக்கும். குழுவாக வேலை செய்வது நல்லதா என்று கேட்டால் யார் இல்லை என்பார்கள்? அதைக் கொடுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். பல துறைகள் சேர்ந்து கற்பதற்கான அமெரிக்காவின் ஐபெக் கூட்டமைப்பு 2023இல் புதுப்பித்த திறன் பட்டியலில் நான்கு பகுதிகள் இருக்கின்றன: மதிப்புகளும் அறமும், பங்கும் பொறுப்பும், தொடர்பாடல், குழுப்பணி. அதை வைத்துக்கொண்டு கூட்டத்தைக் கவனியுங்கள். நான் முக்கியமாகத் தேடுவது ஒன்றை: வேறொரு துறையினர் சொன்னதைக் கேட்டு யாராவது தம் முடிவை மாற்றிக்கொண்டார்களா, அதை வாய்விட்டுச் சொன்னார்களா. மதிப்பெண் குழு முழுவதற்கும் ஒன்றே. தனித்தனி மதிப்பெண் கொடுத்தால் மறுபடி தனித்தனி அறிக்கைதான் வரும்.

பாட்டியிடமும் கேளுங்கள், மாணவர்கள் போன பிறகு, தொலைபேசியில், தமிழில்: யார் கேட்டதைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள், யார் அவர் பேசி முடிக்கும்வரை காத்திருந்தார்கள் என்று.

படி 10: ஒப்படைப்பு

பருவம் முடிந்ததும் காணாமல் போய்விடக் கூடாது. கடைசிச் சந்திப்பில் அடுத்த பருவக் குழுவிலிருந்து ஒருவரை அழைத்துப் போய் அறிமுகப்படுத்துங்கள், அல்லது இனி யாரும் வர மாட்டார்கள் என்பதைத் தெளிவாகச் சொல்லி, நிலைய ஊழியரின் பெயரையும் எண்ணையும் பெரிய எழுத்தில் தமிழில் எழுதி வீட்டில் கொடுங்கள். திட்டத்தின் ஒரு பிரதி பலதுறை மருந்தகத்துக்கு, இன்னொன்று குடும்பத்துக்கு. மாணவர்களின் கைப்பேசியிலும் குறிப்பேட்டிலும் மிச்சமிருக்கும் தகவல்களை ஆசிரியர் எதிரிலேயே அழிக்க வையுங்கள்.